சங்கரவடிவின் வயிற்றுச் சத்தம்

இதை நான் பார்க்கவில்லை. பிரம்மசக்தி எனக்குச் சொன்னது. அதுவும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சோறு பிசையும்போது கொஞ்சம், துணி காயப்போடும்போது கொஞ்சம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நர்சிங் கல்லூரியில் படித்து, திருநெல்வேலியில் ஒரே வாடகை அறையில் தங்கி, வேறு வேறு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நாங்கள்தான். அதனால் அவளுடைய பயம் எந்த வழியில் ஓடும் என்று எனக்குத் தெரியும், என்னுடையதும் அந்த வழியில்தான் ஓடும். அவள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எதை நிரப்பினேன் என்று இப்போது என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடந்ததில் எதையும் மாற்றவில்லை. அவள் மனதில் ஓடியதை அவளே ‘நான்’ என்று சொல்வது போலவே விட்டிருக்கிறேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் சங்கரவடிவிடம் இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று பிரம்மசக்தி நினைத்தாள், கேட்டால் இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள் என்றும் நினைத்தாள், அவள் இல்லை என்றால் நானும் இல்லை என்றுதானே போய்ச் சொல்ல வேண்டும். ஜன்னலோரக் கட்டிலில் சங்கரவடிவு மல்லாந்து கிடக்கிறாள். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வயிற்றில் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு பிளாஸ்திரி. குடல் அடைப்பு என்று வந்தவள். அடைத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வயிற்றைத் திறந்து மூடினால் குடல் தூங்கிப்போகும், அது விழித்துக்கொண்டது என்பதற்கு அது அனுப்பும் முதல் தகவல் காற்று, அந்தக் காற்று பிரிகிறவரை வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் கிடையாது. ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது ஒருத்தி வந்து காத்து போச்சாம்மா என்று கேட்கிறோம், கோயிலில் மணி அடிக்கிற மாதிரி, தவறாமல். இல்லை. இல்லை. இல்லை. நேற்று சாயங்காலம் டாக்டர் தாமோதரன் வராந்தாவில் நின்று சொன்னார், காலையிலும் இல்லை என்றால் ஸ்கேன், ஸ்கேனில் சந்தேகம் வந்தால் திரும்பத் திறந்துதான் பார்க்க வேண்டும், உள்ளே தையல் கசிகிறதோ என்று தோன்றுகிறது என்று. அதை அவர் சொன்னது மருமகனிடம். படுத்திருக்கிறவளிடம் யாரும் சொல்லவில்லை, பயந்துவிடுவாளாம். அவள் பயப்படாமல் படுத்திருக்கிறாள், அவளுடைய பயத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். இந்த உடம்பை இன்னொரு தடவை திறந்தால் தாங்குமா? பெரிய ஆபரேஷனுக்கு இரண்டாம் தரம் போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வராதவர்களையும். சரி, போச்சு என்று நானாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? தண்ணீர் கொடுப்பார்கள், கஞ்சி கொடுப்பார்கள், குடல் விழிக்கவில்லை என்றால் அந்தத் தையல் என்ன ஆகும், அப்போது யார் சொன்னது என்று கேட்பார்கள். போச்சு என்றால் தண்ணீர், இல்லை என்றால் கத்தி. இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சின்னக் கேள்வியில் ஏன் தொங்குகிறது, ஒருவேளை எல்லாப் பெரிய விஷயமும் இப்படித்தானோ, ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடலாம், பாவம், உதடு வெடித்திருக்கிறது.

மருமகன் வாசலில் நிற்கிறார். சுடலைமணி. ஆலங்குளம் வழியாகத் தென்காசி போகும் ஒரு பஸ்ஸில் கண்டக்டர், இன்ஜின் சத்தத்துக்கு மேல் ஊர்ப்பெயர்களைக் கூவிக் கூவி அகன்றுபோன தொண்டை, ஆனால் இந்த அறைக்குள் அந்தத் தொண்டையைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுகிறார். மகள் நிறைமாதம், மகன் மஸ்கட்டில், அதனால் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார். கூட ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதை அவர் சட்டமாக எடுத்துக்கொண்டார். பார்சல் சோற்றை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தின்பார். உடம்பு துடைக்கத் திரையை இழுத்தால் திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் தெரியும், சிஸ்டர் ஏதாவது வேணும்னா இங்கதான் நிக்கேன் என்று பாதங்கள் பேசும். அத்தையை நடக்க வைத்தால் டிரிப்ஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சப்பரத்துக்குக் குடை பிடிக்கிறவர் மாதிரி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி நடப்பார். நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார், அத்தையும் பேச மாட்டாள். இரண்டு முழ தூரத்தில் இருந்துகொண்டு, சிஸ்டர், அத்தைக்குக் குளிருதான்னு கேளுங்க என்பார். குளிரலன்னு சொல்லு பிள்ள என்பாள் அவள். குளிரலையாம் என்பேன் நான். நான் சொன்ன பிறகுதான் அவர் தலையாட்டுவார், அதற்கு முன்னால் வந்த சத்தம் அவர் காதுக்கு வரவே இல்லை என்பது போல. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது, நடுவில் நிற்கிற தந்திக் கம்பியாகிவிட்டேன். ஆனால் இன்று காலையிலிருந்து அவர் உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டு வராந்தாவைப் பார்த்தபடியே நிற்கிறார், செக்கர் ஏறப்போகிற ஸ்டாப்பை எதிர்பார்க்கிற கண்டக்டர் மாதிரி. அவரும் பயந்திருக்கிறார். எல்லோரும் பயந்திருக்கிறோம், படுத்திருக்கிறவள் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதில் ஏதோ வேடிக்கை இருப்பது போல. சேர்ந்த அன்று, மகள் கூட இருந்தபோது, எப்படி வாயாடினாள். ஏளா, ஊசிய எனக்குப் போடுதியா, மெத்தைக்குப் போடுதியா என்று கேட்டு அந்த வலியிலும் என்னைச் சிரிக்க வைத்தவள். மகள் போய் மருமகன் வந்ததும் அடங்கிவிட்டாள். ஆள் சோர்வாக இருக்கிறாளா என்று டாக்டர் கேட்டார், ஆமாம் சார், பேச்சைக் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தில் ஒரு மடிப்பு என்னுடையது.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு போர்வையை விலக்கினாள். வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது, கல்லாக இல்லை, அது நல்லது, நேற்று இருந்த உப்பல் இன்று குறைந்த மாதிரி, அல்லது குறைய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை. பொறு. புத்தகத்தில் நிறைய நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறது. தூரத்தில் ஒரு லாரி. பிறகு, இதோ, ஒரு சின்னக் குமிழ். க்ளுக். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நீளமாக, ஒரு பூனை எழுந்து சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடந்து போனது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே சந்தேகம் வந்தது. காலையில் நான் சாப்பிடவில்லை, இது என் வயிறா? சிரிக்காதே, இப்படி நடந்திருக்கிறது, படிக்கும்போது ஒருத்தி தன் பசியைக் கேட்டுவிட்டு நோயாளியின் குடல் வேலை செய்கிறது என்று சொல்லி மேடமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். இருக்கிறது. என்னுடையது இல்லை, என்னுடையது இதைவிட ஏழைச் சத்தம். இது குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருகிற சத்தம். முக்கூடலில் எங்கள் தெருக்குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், முதலில் ஒரு இருமல், அப்புறம் புஸ் என்று ஒரு காற்று, அந்தக் காற்று வந்ததுமே தெருவின் முகம் மாறிவிடும், சண்டை போட்டவர்கள்கூடச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சிரிப்பார்கள், தண்ணீர் வந்த பிறகு இருக்கிற சந்தோஷத்தைவிட அந்தக் காற்றின் சந்தோஷம் பெரியது, வரப்போகிறது, வரப்போகிறது என்று. அதே இருமல் இந்த வயிற்றுக்குள் கேட்கிறது. ஆனால் இருமல் மட்டும் போதாது. அடைப்பு இருந்தாலும் சத்தம் வரும், அப்போது வேறு மாதிரி, உலோகத்தில் தட்டுகிற மாதிரி கணீரென்று வரும் என்று படித்திருக்கிறேன், படித்ததுதான், கேட்டதில்லை, இது கணீரா க்ளுக்கா, க்ளுக்தான், க்ளுக்தானே? சத்தத்தைக் கேட்டு டாக்டர் தண்ணீர் கொடுக்க மாட்டார். காற்று வெளியே வர வேண்டும். வந்ததாக அவள் வாயால் சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் இங்கே இருக்கிறது, இதற்கு மட்டும் ஒரு மெஷின் இல்லை, மனுஷி சொன்னால்தான் உண்டு.

முதல் வருஷம், முதல் வாரம், மேடம் கரும்பலகையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கோடு இழுத்தார்கள். இந்தப் பக்கம் முழு நலம், அந்தப் பக்கம் சாவு, நாம் எல்லோரும் நடுவில் எங்கேயோ, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டு. அதை அவள் ஒரு பஸ் ரூட்டாகத்தான் புரிந்துகொண்டாள். பிறகு ஒரு வரையறை, ஆங்கிலத்தில், நோய் இல்லாமல் இருப்பது மட்டும் நலம் அல்ல, உடம்பும் மனமும் நாலு பேரோடு இருக்கிற இருப்பும் மூன்றும் நிறைவாக இருப்பதுதான் நலம் என்று. அதை மனப்பாடம் செய்து தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். உங்கள் வீட்டில் நலம் என்று எதைச் சொல்வார்கள் என்று மேடம் கேட்டபோது மட்டும் வாய் எழவில்லை, ஏனென்றால் வீட்டில் அந்தச் சொல் இல்லை. அம்மா பீடி சுற்றினால் சுகம், சுற்றவில்லை என்றால் சுகமில்லை. காய்ச்சலோடு சுற்றினாலும் சுகம்தான். டாக்டர் கண்டுபிடிக்கிறது நோய், ஆள் உணர்கிறது நோவு, இரண்டும் ஒன்று இல்லை, நோய் இருந்தும் நோவு இல்லாதவர்கள் உண்டு, நோவு இருந்தும் நோய் அகப்படாதவர்கள் உண்டு, செவிலியர் இரண்டையும் கேட்க வேண்டும் என்று அன்று எழுதிக்கொண்டபோது அம்மா ஞாபகம்தான் வந்தது, அம்மாவிடம் எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்ல என்பாள். அப்படியானால் சங்கரவடிவு இந்தக் கோட்டில் எங்கே நிற்கிறாள்? காய்ச்சல் நேற்றே இறங்கிவிட்டது. நாடி நன்றாக இருக்கிறது. மூக்குக் குழாயில் வருகிற பச்சைத் தண்ணீர் குறைந்துவிட்டது. கண்ணில் ஒளி இருக்கிறது, அதுதான் விசேஷம், மின்விசிறியைப் பார்க்கிற கண் சோர்ந்த கண் இல்லை. பேச்சு மட்டும்தான் இல்லை. பேச்சும், காற்றும். இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்ட மாதிரி. இல்லை, பேச்சு நின்றது மகள் போன அன்று. அப்புறம் வலி, வலியும் இருக்கிறது, அதையும் நான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வலிக்கிறது போல என்று. எதைக் கேட்கும்போது?

இதைக் கேட்கும்போதுதான். நேற்றும் கேட்டேன், திரைக்குப் பின்னால் பாதங்கள் நின்றன, அம்மா காத்து போச்சா என்றேன், போர்வைக்கு அடியிலிருந்து அவள் விரல்கள் வந்து என் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கிள்ளின. இன்று காலை டியூட்டிக்கு வந்ததும் கேட்டேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மறுபடி ஒரு கிள்ளு, இல்ல என்று ஒரு சொல். தையல் இழுக்கிறது போல, வலியில் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வலித்தால் பிடிப்பார்கள். பிடிப்பது உள்ளங்கையால். இவள் கிள்ளினாள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, தோலைத் திருகி. இந்தக் கிள்ளு எனக்குத் தெரியும். கை அதைத் தெரிந்து வைத்திருக்கிறது, மண்டைக்குத்தான் வந்து சேரவில்லை. எங்கே வாங்கினேன் இதை. முக்கூடலில், அடுப்படிக் கதவுக்குப் பின்னால். அக்கா கல்யாணமான புதிதில் அத்தான் கடையத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்தார், அம்மாவுக்குப் பல்வலி, ஒரு பக்கக் கன்னம் பன்னீர் கொய்யா மாதிரி வீங்கியிருந்தது, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று சௌக்கியமா இருக்கேன் மாப்பிள்ள, அங்க எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய், அம்மா பல்லு இன்னும் வலிக்குதா, சீழ் வருதா என்று கேட்டேன். ஒரு கிள்ளு. அத்தான் போன பிறகு திட்டு. மாப்பிள்ள நிக்கும்போது கேக்கா பாரு கேள்வி. சீழ் வருகிறதா என்று கேட்டதற்கே கிள்ளு என்றால்... பிரம்மசக்தி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். வாசலில் அவர் நிற்கிறார். எப்போதும் நிற்கிறார். இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது அவர் இல்லாத இடத்தில் யாராவது கேட்டோமா? மூன்று ஷிஃப்ட், எத்தனை பேர், எல்லோரும் படித்தவர்கள், எல்லோர் வீட்டிலும் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை, யாருக்கும் தோன்றவில்லை, யூனிஃபார்ம் போட்டதும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மருமகனுக்கு முன்னால் வாய்விட்டுக் கொட்டாவி விடாதவளிடம் அவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு குசு விட்டாயா என்று கேட்டிருக்கிறோம். எந்தப் பதிலை எதிர்பார்த்தோம்? நெஞ்சு படபடத்தது, பயத்தின் படபடப்பு இல்லை, தெருக்குழாய் இருமுகிற நேரத்தின் படபடப்பு. பொறு, பொறு, நீயாக முடிவு கட்டாதே, இது உன் ஆசை, இன்னும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை என்றால் இல்லைதான். முதலில் இந்த மனிதரை வெளியேற்று.

அதுதான் கஷ்டமாக இருந்தது. பஞ்சு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். பஞ்சு நேற்றே வாங்கியாச்சே சிஸ்டர் என்று பையைத் திறந்து காட்டினார். காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். காப்பி பழக்கமில்லை, டாக்டர் வந்துருவாங்கல்லா, நான் இங்கன நிக்கணும் என்றார். அவளுக்குப் பொய் வராது, வந்தாலும் இரண்டாவது பொய்யிலேயே காது சிவந்துவிடும், தன்னைவிட மூத்த ஆம்பளை ஒருவரை இதைச் செய் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமும் இல்லை. எங்கள் வீடுகளில் அது கிடையாது. வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்தது நேராக வந்தது. அண்ணன், நீங்க கீழ போய் நில்லுங்க, மாடிப்படிக்குக் கீழ, நான் கூப்பிடுத வரைக்கும் மேல வரக்கூடாது. அவர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு ஒரு கேள்விகூடக் கேட்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார், போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. பாதச் சத்தம் தேய்ந்து அடங்குகிறவரை பிரம்மசக்தி நின்று கேட்டாள். அந்தச் சத்தத்தைச் சங்கரவடிவும் கேட்டுக்கொண்டிருந்தாள், தலையணையில் கழுத்தை லேசாகத் திருப்பி. பிரம்மசக்தி கட்டிலோரம் குனிந்து, மாப்பிள்ள கீழ போயிட்டாக என்றாள். கேள்வியைக் கேட்கவே இல்லை.

“வாசலத் தாண்டிட்டாகளா?”

“படியே இறங்கியாச்சு.”

“ஏளா, ஒனக்கு இப்பமாவது புத்தி வந்துதே,” என்றாள் சங்கரவடிவு. “விடியக்காலம் போயிட்டு பிள்ள. ஒண்ணா ரெண்டா, சித்திர விசுவுக்கு வெடி போட்ட மாதிரில்லா போச்சு. நல்லவேள, மாப்பிள்ள அசந்து தூங்குனாக. முழிச்சிருந்தா நான் இந்த ஆஸ்பத்திரிய விட்டு எப்பிடி வெளிய போவேன், மக முகத்துல எப்பிடி முழிப்பேன். நீ என்னடான்னா மைக்கு வச்ச மாதிரி நின்னு கேக்க. எத்தன கிள்ளு கிள்ளுதேன், ஒறைக்கவே இல்லியே ஒனக்கு.”

பிரம்மசக்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடக்க முடியாமல் போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அதைப் பார்த்து அவளும் சிரித்தாள், வயிறு குலுங்கித் தையல் இழுத்தது, சிரிக்க வைக்காத, கொலகாரி என்று வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தக் குலுக்கத்திலேயே இன்னும் ஒன்று போனது, இந்தத் தடவை சாட்சியோடு. கேட்டியா என்றாள் அவள், மெதுவாக, கொஞ்சம் பெருமையாக. கேட்டேன், கேட்டேன், என் வாழ்நாளில் இவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை, இதை வெளியே யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஒரு மனுஷியின் நலம் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு நாற்றமாக, இவ்வளவு நிச்சயமாக வந்து சேர்கிறது, கரும்பலகைக் கோட்டில் இவள் ஒரு ஸ்டாப் இந்தப் பக்கம் வந்து நிற்கிறாள், அல்லது விடியற்காலையே வந்துவிட்டாள், நாங்கள்தான் பார்க்காமல் முந்தின ஸ்டாப்பிலேயே தேடிக்கொண்டிருந்தோம். அவளுடைய வாயை அடைத்தது நோய் இல்லை. அந்த அடக்கம் அவளுக்கு உடம்பில் ஒரு உறுப்பு, மூன்று நிறைவில் ஒன்று, அதை அவள் மூக்கில் குழாயோடும் விடாமல் காப்பாற்றியிருக்கிறாள். அதை வெட்டிவிட்டுக் குடலை மட்டும் எப்படிச் சரிசெய்வது. ஆனால் அது தெரியாமல் அந்த அடக்கத்துக்காக அவள் வயிற்றைத் திறந்திருப்பார்கள். சிரிப்பு அங்கே நின்றது. பிரம்மசக்தி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், இந்தக் கேள்வி எதற்கு என்று, பதிலுக்காகத்தான் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று, இன்றைக்கு ஸ்கேன் என்று, அதற்கப்புறம் என்ன என்று. சங்கரவடிவு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, வயித்துக்காரி நான்தானே என்றாள். பிரம்மசக்தி ஈரத் துணியை எடுத்து அவள் உதட்டைத் துடைத்தாள்.

டாக்டர் தாமோதரன் வந்தபோது பிரம்மசக்தி அவரை வராந்தாவிலேயே நிறுத்தினாள். அவரிடம் தானாக முதலில் பேசியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. காற்று போயிருக்கிறது சார், விடியற்காலையிலிருந்து, நானும் ஒரு தடவை கேட்டேன், வலி என்று நான் சொன்னது வலி இல்லை, சோர்வு என்று சொன்னதும் சோர்வு இல்லை, ஏன் மறைத்தார்கள் என்றால் என்று தொடங்கி, காது சிவக்கச் சிவக்க, காரணத்தையும் சொன்னாள். அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்தார். என் மாமியார் என் வீட்டில் பத்து நாள் தங்கினாலும் அவங்க சாப்பிட்டு நான் பார்த்ததில்ல என்றார். உள்ளே போய் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தன் காதாலும் கேட்டார், ரொம்ப நேரம் கேட்டார், மூக்குக் குழாயை மூடி வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார். பிரம்மசக்தி ஒரு ஸ்பூனில் வெந்நீரை ஆற்றிக் கொண்டுவந்தாள். சங்கரவடிவு அதை உடனே விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தாள், நாக்கின் அடியில், கன்னத்தின் ஓரத்தில், பண்டிகை நாளில் வீடெல்லாம் தண்ணீர் தெளிக்கிற மாதிரி எல்லா மூலைக்கும் அனுப்பினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், தொண்டை ஏறி இறங்கியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரம்மசக்திக்கும் தொண்டை ஏறி இறங்கியது, எனக்கு இதைச் சொன்னபோதும் அவள் தொண்டை ஏறி இறங்கியது. தாமிரபரணிதானே என்று சங்கரவடிவு கேட்டாள். ஆமாம் என்றாள். எம்புட்டு ருசி என்றாள். கீழே இருந்து சுடலைமணியைக் கூப்பிட்டதும் அந்த வாய் மறுபடி மூடிக்கொண்டது, முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது, சிஸ்டர், அத்தைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமான்னு கேளுங்க என்று அவர் சொன்னார், போதும்னு சொல்லு பிள்ள என்று அவள் சொன்னாள், போதுமாம் என்று பிரம்மசக்தி சொன்னாள், எல்லாம் பழையபடி, எல்லாம் சுகம்.

பிரம்மசக்தி சொன்ன கதை இவ்வளவுதான். அவள் அந்த மனிதரை வெளியே அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன். என் குணம் அப்படி. ஊருக்குப் போகும்போது அவருடைய பஸ் என்று தெரிந்தே ஏறினேன். கூட்டம் குறைந்த பிறகு, பிரம்மசக்தியின் தோழி என்று சொல்லி, அத்தை நலமா என்று விசாரித்தேன். நல்லா இருக்காக, பேத்தியத் தூக்கிக்கிட்டு நடக்காக என்றார். அப்புறம் அந்த விடியற்காலையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் நன்றாகத் தூங்கிவிட்டீர்களாமே என்று. அவர் முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டார். அந்தப் பெரிய குரலை எனக்காகத் தாழ்த்தினார். தூங்கலை என்றார். எல்லாம் கேட்டது, டாக்டர் வந்ததும் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் காலையிலிருந்து வாசலில் நின்றாராம். ஆனால் அந்த நேரத்தில், முதல் சத்தம் கேட்ட உடனே, தான் முழித்திருப்பது அத்தைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, விடிகிற வரைக்கும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம்.